மாஸ்டரின் எண்ணிக்கை

அன்புள்ள அக்கா,

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் உங்கள் அப்பா தொடங்கிய கராத்தே கிளப்பில் 1981 முதல் இரண்டு வருடம் பழகியவன் நான். மாஸ்டர் போன செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. எவ்வளவோ எழுதுகிறீர்கள், அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனவருத்தம். இரண்டு விஷயம் கேட்க ஆசை. அவர் ஏன் கடைசிவரை ஜப்பானிய மொழியிலேயே எண்ணினார்? 83இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு நாங்கள் யாழ்ப்பாணம் போய்விட்டோம். அவர் ஏன் அதே இடத்தில் திரும்பவும் கிளப்பைத் திறந்தார்?

ஒரு பழைய மாணவன், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

எழுதவில்லை என்பது உண்மைதான். எழுத உட்கார்ந்தால் அப்பாவின் குரல்தான் முதலில் வருகிறது. "இச், நி, சான், ஷி..." அதைத் தாளில் எப்படி வைப்பது என்று தெரியாமல் எழும்பிவிடுவேன்.

ரயில் ஞாபகம் இருக்கிறதா? பின்னேர ரயில் போகும்போது மண்டபத்தில் ஒன்றுமே கேட்காது. அப்பாவின் வாய் அசைவது மட்டும் தெரியும். சத்தம் அடங்கும்போது பார்த்தால் அத்தனை பேரின் கையும் ஒரே குத்தில் நிற்கும். வாசலில், உங்கள் சிலிப்பர்களுக்குப் பக்கத்தில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

எண்ணிக்கையைப் பற்றி நானும் அவரிடம் கேட்டிருக்கிறேன். "தமிழில் எண்ணினால் சிங்களப் பெடியன் பிந்துவான், சிங்களத்தில் எண்ணினால் நீ பிந்துவாய். இதிலே எல்லாருக்கும் ஒரே அளவு பிழை வரும்" என்றார். அப்போது சிரித்தேன். 1983 ஜூலை 25, அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. வீதியில் கலவரக்காரர்கள் ஆட்களை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும் 'பால்திய' (baldiya) என்ற சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலெழுத்து வாயில் எப்படி வருகிறது என்பதை வைத்துத் தமிழரா சிங்களவரா என்று ஆளைப் பிரித்தார்கள்.

அன்று அப்பா யாரையும் அடிக்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொந்தக்காரர்களே கேட்டார்கள், கறுப்புப் பட்டி கட்டினவர் என்ன செய்தார் என்று. அம்மாவையும் எங்களையும் பின்மதிலால் ஏற்றி இறக்கினார். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி எழுதிவைத்த விதிகளில் ஒன்று, கராத்தேயில் முதல் அடி இல்லை என்பது. நீங்கள் முதலில் பழகிய கத்தா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர், ஹெய்யான் ஷொடான். அதில் 21 அசைவுகள். முதல் அசைவே இடப்பக்கம் திரும்பிக் கையைக் கீழே இறக்கித் தடுப்பது. அப்பா அதைத்தான் செய்தார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். அந்தக் கேள்வியை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கத்தாவுக்கு முன்னால் அவர் தரையில் சோக்கால் ஒரு சிலுவைக்குறி கீறுவாரே, அதில் நின்று தொடங்கி, அதிலேயே வந்து முடிக்க வேண்டும். ஒரு பாதம் தள்ளி முடித்தாலும் விடமாட்டார். எங்கேயோ ஓர் அடி குறைந்துவிட்டது, முதலிலிருந்து வா என்பார்.

முகாமிலிருந்து வந்து பார்த்தபோது மண்டபத்துக் கதவு இல்லை. மாணவர்களின் வெள்ளை உடுப்புகள் எரிந்து கிடந்தன. அடுத்த வருடம் பொங்கல் முடிந்த கிழமை அவரும் நானுமாகத் தரையைத் தேய்த்துக் கழுவினோம். ஏன் திரும்பவும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தரை காய்ந்ததும் சட்டைப்பையிலிருந்து சோக்கை எடுத்துப் பழைய இடத்திலேயே குறியைக் கீறினார். அன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் தமிழ், இரண்டு பேர் சிங்களம். எண்ணத் தொடங்கியபோது குரல் கொஞ்சம் அடைத்தது, அப்புறம் சரியாகிவிட்டது. நான்காவது ஆளாக என்னையும் வரிசையில் நிற்கச் சொன்னார்.

அவருடைய பட்டி அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. முடிச்சுப் போடும் இடத்தில் கறுப்பு முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். மாஸ்டரிடம் பழகியவர்கள் வந்தால் அம்மா நெடுநேரம் கதைப்பா.

அன்புடன்,
அக்கா