கனடாவின் உறைவிடப் பள்ளி இழப்பீட்டுக் கோப்புகளை ஏன் அப்படியே காப்பகத்தில் வைப்பதில்லை?

பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து வைத்து அரசும் திருச்சபைகளும் நடத்திய கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் வதைபட்டவர்கள் இழப்பீடு கோரியபோது அளித்த வாக்குமூலங்களை அழித்தால் வரலாறும் அழிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். இழப்பீடு வழங்க 2007இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் கீழ் ஏறத்தாழ 38,000 பேர் ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை நம்பியே வாய்திறந்தார்கள். ஒரு கோப்பில் சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்கொடுமையின் விவரத்தோடு மருத்துவக் குறிப்புகள், வருமான வரித் தாள்கள், சில வேளைகளில் உடன் படித்தவர்களின் பெயர்களும் இருக்கும். சிற்றூர்களில் பெயரை மறைத்தாலும் இன்னார் என்று தெரிந்துவிடும். ஆகவே 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் முடிவை உரியவர்களிடமே விட்டது: விரும்புவோர் தம் கோப்பின் நகலைப் பெறலாம், வின்னிப்பெக்கில் மானிட்டோபா பல்கலைக்கழகத்திலுள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தில் கட்டுப்பாட்டுடனோ பொதுப் பார்வைக்கோ வைக்க இசையலாம், எதுவும் தெரிவிக்காதோரின் கோப்புகள் 2027 செப்டம்பர் 19 வரை காக்கப்பட்டு அழிக்கப்பட வேண்டும் என்பது உத்தரவு. இது சரியென்றே கருதுகிறேன். எனினும், இசைவு கேட்கப்படுமுன்பே இறந்தவர்களின் குரலும் அதோடு போய்விடும் என்பது மனத்தை அறுக்கிறது. இப்பள்ளிகளின் வரலாற்றை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தனியே திரட்டிய சாட்சியங்களுக்கு இவ்வுத்தரவு பொருந்தாது. அவை அந்த மையத்திலேயே பாதுகாக்கப்படுகின்றன.