ஊர் மட்டும் போடுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள், மெயில்கள் பெரும்பாலானவற்றில் கடைசி வரி ஒன்றுதான்: "பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடுங்க." சமையல் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் போட்டோவே அனுப்பிவிடுகிறார்கள், அரசியல் கேட்கிறவர்களுக்குத்தான் இந்தத் தயக்கம். சரி, யார் பெயரும் போடவில்லை.

எங்கள் தெருச் சாக்கடை வேலை பாதியில் நிற்பதைப் படம் எடுத்து, கவுன்சிலரைக் கொஞ்சம் கிண்டலடித்து ஃபேஸ்புக்கில் போட்டேன். ஸ்டேஷனிலிருந்து போன் செய்து "சின்ன விசாரணைதான், வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போக வேண்டுமா?
*(ஊரும் வேண்டாம் என்றவர்)*

போன் செய்தால் அது நோட்டீஸ் ஆகிவிடாது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றச்சாட்டுகளில் காரணம் எழுதாமல் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது அவசியமில்லை என்றால் ஆஜராகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 35-வது பிரிவு. அந்த நோட்டீஸையும் வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் குரலை உயர்த்தாமல், "எழுத்துல ஒரு நோட்டீஸ் குடுங்க சார், கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே வழக்கு இருந்தால் நோட்டீஸ் வரும். யாரோ ஒருவர் சொல்லி உங்களை மிரட்டுவதற்காக வந்த போன் என்றால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அப்படியே போக வேண்டி வந்தாலும் தனியாகப் போகாதீர்கள். ஒரு வக்கீல், இல்லையென்றால் விவரம் தெரிந்த ஒரு ஆள் கூட இருக்கட்டும், எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள் என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியட்டும். வழக்கில் சாட்சியாக விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், பெண்களையும் அறுபது வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஓவராகப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அப்பாவும் மகனும் காவலில் செத்துப்போன விவகாரம், ஊரடங்கில் செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்ற புகாரில்தான் ஆரம்பித்தது. ஸ்டேஷன் சிசிடிவியில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். எனக்கு அந்த வழக்கில் இன்றைக்கும் மறக்காத விஷயம் அந்த செட்டிங்தான்.

இன்னொன்று. இணையத்தில் எழுதியதற்காக ஆளைப் பிடிக்க வசதியாக இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. ஆனால் நாடு முழுக்க அதே பிரிவில் இன்னும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று 2021-ல் தெரிந்து நீதிபதிகளே அதிர்ச்சியானார்கள். செத்துப்போன சட்டம் ஆறு வருடம் ஸ்டேஷனில் டூட்டி பார்த்திருக்கிறது! எந்தப் பிரிவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவர்களைத் திருத்தவே முடியாதா?
*(அரவக்குறிச்சி)*

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! 2016-ல் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலைத் தள்ளி வைத்த இரண்டு தொகுதிகளில் ஒன்று உங்களுடையது, இன்னொன்று தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் என்று அப்புறமும் நின்றது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்த வரை ஜனங்களுக்கு வருகிற கோபம், பக்கத்துத் தெருவுக்கு வந்தது நம் தெருவுக்கு வரவில்லையே என்பதில்தான்.

எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் ஆட்கள் சீட்டில் இருந்தார்கள், அந்த மாதிரி ஒரு ஆட்சி வந்தால்தான் நாடு உருப்படும் என்கிறார் என் அப்பா. என்ன பதில் சொல்வது?
*(கோவை, வயது 25)*

அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரயில் லேட்டாக வந்தது என்று எழுதினால் தணிக்கை அதிகாரி அதை வெட்டிவிடுவார் என்று தெரிந்த பிறகு எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்?

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொகுசாக ஞாபகம் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1975 ஜூன் 25-ல் எமர்ஜென்சி வந்தது. இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31-ல். நடுவில் ஏழு மாதம், வடக்கே நடந்த அளவுக்கு இங்கே கெடுபிடி இல்லை, அங்கே தேடப்பட்ட சிலர் இங்கே வந்து மூச்சு விட்டார்கள். ஆட்சி போன அன்று இரவிலிருந்துதான் நமக்கு ஆரம்பித்தது. விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் உள்ளே போனவர்களுக்கு சென்னை மத்திய சிறையில் விழுந்த அடியைப் பற்றி அப்புறம் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. சென்னையின் முன்னாள் மேயர், எம்.பி.யாக இருந்த சிட்டிபாபு, அந்த அடியிலிருந்து மீளாமல் இறந்தே போனார்.

ஆனால் எனக்கு அந்த இருபத்தோரு மாதத்தில் மிகப் பயங்கரமாகப் படுவது சிறையில் நடந்தது இல்லை, கோர்ட்டில் நடந்தது. எமர்ஜென்சியில், பிடித்து வைத்த ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட முடியுமா முடியாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடக்கிறது. நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசு வக்கீலைக் கேட்கிறார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருத்தரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? எமர்ஜென்சி இருக்கும் வரை கிடையாது என்று தயங்காமல் பதில் வருகிறது. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் அரசின் வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார், 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு ஜூனியரிடம் போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று உச்ச நீதிமன்றமே சொல்வதற்கு 2017 ஆக வேண்டியிருந்தது, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பில்.

அரசியல்வாதிகளுக்கு இந்த ஞாபகமெல்லாம் ரொம்ப நாள் தங்குவதில்லை. மிசாவில் அடி வாங்கிய கட்சியே 1980 தேர்தலில் "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று வரவேற்றது. அப்பா அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

குண்டர் சட்டம் ரவுடிகளுக்குத்தானே? நமக்கு என்ன?
*(சேலம்)*

2017-ல் உங்கள் ஊரில் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மீது இதே சட்டம்தான் பாய்ந்தது. ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரான பிரசுரம். அதே வருடம் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்தப் போன, மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும் பாய்ந்தது. இரண்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளச் சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் மனதில் வைத்து வந்த சட்டம். அப்புறம் ஆட்சிக்கு வந்தவர்கள், ஒன்றைக்கூட எடுக்காமல், புதுப்புது வகைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள்: திருட்டு வி.சி.டி., மணல், சைபர் குற்றம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, இலை போட இடம் இருந்துகொண்டே இருக்கிறது. இதில் உள்ளே போனால் விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது, ஒரு வருடம் வரை வைக்கலாம். உள்ளே வைத்தது சரியா என்று பார்க்க அறிவுரைக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனால் நிறைய ஆணைகள் ரத்தாகும், அதுவும் பெரும்பாலும் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகலில் எழுத்து தெரியவில்லை, தமிழில் மொழிபெயர்த்துத் தரவில்லை என்கிற மாதிரிக் காரணங்களில். அதற்குள் மாதக்கணக்கில் ஓடியிருக்கும். வழக்கு இன்னும் ஆரம்பித்திருக்காது, தண்டனை பாதி முடிந்திருக்கும். இதைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக ஒரு அதிகாரி சொந்தப் பணத்தில் நஷ்டஈடு கொடுக்கிற வரை இது நிற்காது என்பது என் கட்சி.

கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் பில்லுக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
*(தாம்பரம்)*

பில் தொகையிலேயே டெலிவரி அடக்கம், கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் தோளில் தூக்கி வருகிறவருக்கு நான் கொடுக்கிறேன். அது என் இஷ்டமாக இருக்கும் வரை சரி, வாசலிலேயே நின்று கணக்குக் கேட்டால் ஏஜென்சிக்குப் புகார்.

பரீட்சை நேரத்தில் தெருவில் ஸ்பீக்கர் கட்டி உயிரை எடுக்கிறார்கள். சாமி விஷயம் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.
*(திருமங்கலம்)*

சாமியை விடுங்கள், எங்கள் தெருவில் ஒரு காதுகுத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஈ.பி. கம்பத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர், அதன் வாய் சரியாக என் ஜன்னலைப் பார்த்து. காலை ஐந்து மணிக்கு பக்திப் பாட்டு, ஆறரைக்கு மேல் சினிமாப் பாட்டு, நடுநடுவே "மொய் எழுதுறவங்க பந்தலுக்கு வலதுபுறம் வரவும்" என்று அறிவிப்பு. போனில் புகார் சொன்னேன். வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன்தான், "சவுண்டக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா" என்றார், கம்மி பண்ணினார்கள், அவர் பைக் தெருமுனை திரும்பியதும் கூட்டினார்கள். அது பரவாயில்லை. போகிற போக்கில் "அந்தப் பச்சை கேட் வீட்டு சார்தான் போன் பண்ணாரு" என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் ஒரு மாதம் அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

2000-ம் வருட ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. திருவிழா மாதிரி விஷயங்களுக்காக வருடத்துக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் இரவு 12 வரை அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். கோயில், மசூதி, சர்ச், கட்சி மேடை எல்லாவற்றுக்கும் ஒரே விதி. அடுத்தவர் சாமியின் சத்தம் மட்டும் காதில் விழுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். உங்கள் தெருவில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் வேறு யார் வீட்டிலாவது இருக்கும், அந்த அம்மா அப்பாக்களையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் முன்கூட்டியே புகார் கொடுங்கள். பத்துப் பேர் பெயர் இருந்தால் எந்தக் கேட் என்று காட்ட முடியாது.

ஃபிளெக்ஸ் பேனர் கலாசாரம் ஒழியுமா?
*(கரூர்)*

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்தார். எல்லாக் கட்சியும் இனி பேனர் வைக்கமாட்டோம் என்றது. டிராஃபிக் ராமசாமி இருந்தபோது தனி ஆளாகப் போய்க் கிழித்துக்கொண்டிருந்தார், நாம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். உங்கள் பஸ் ஸ்டாண்டு வாசலில் இப்போது எத்தனை இருக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு "நாளைக்கு வாங்க", "சர்வர் டவுன்" என்றே இழுத்தடிக்கிறார்கள். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) போட்டால் வேலை நடக்குமா?
*(நாகர்கோவில்)*

நடக்கும், கேட்கத் தெரிந்தால். நிறையப் பேர் ஆத்திரத்தில் "ஏன் தரவில்லை?" என்று எழுதிவிடுகிறார்கள். "தாங்கள் கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கை, தேதி வாரியாக, இப்போது அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது, அவர் பதவி, கோப்பில் எழுதிய குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஸ்பீட் போஸ்ட். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, போடுவது அபூர்வம். ஆனால் கோப்பு யாரிடம் என்று கேட்ட கடிதம் மேஜைக்கு வந்த வாரமே சர்வர் சரியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம்: முதல் மனுவுக்கு ஒப்புகை வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் ஆகிவிட்டீர்களே?
*(மதுரை)*

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைக் கேட்கிறீர்கள் பாருங்கள், அதுதான் மதுரை!

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் உள்ள இருவரில் ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்பார்கள். சட்டசபை உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடாமல் வழக்குப் போட்டு ஜெயித்து, அடையாள நஷ்டஈடாக வந்த ஆயிரம் ரூபாயை பிரேம் போட்டு மாட்டி வைத்தார். 2003-ல் இந்து நாளிதழ்க்காரர்களையும் முரசொலி ஆசிரியரையும் இதே மாதிரி ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது சட்டசபை, உச்ச நீதிமன்றம் தடுத்தது. இன்றைக்கு அந்த மாதிரி ஆர்ப்பாட்டமாக யாரும் கைது செய்வதில்லை, விளம்பரம் நின்றுபோகும், ஒரே பேச்சுக்கு நாலு மாவட்டத்தில் வழக்கு வரும். எனவே பதில்: ஆமாம், கொஞ்சம் ஆகிவிட்டோம்.

எங்கள் அப்பார்ட்மென்டில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று அசோசியேஷனில் முடிவு செய்திருக்கிறார்கள். வாடகைக்கு விடும்போது "நம்மாளுங்களா" பார்த்து விடுங்கள் என்றும் சொல்கிறார்கள். இதைக் கேட்க சட்டம் இருக்கிறதா?
*(சென்னை)*

வாடகை விஷயத்தில் சட்டம் கை கொடுப்பது கஷ்டம். கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு வரிசையாகச் சொல்லும் இடங்களில் தனியார் வீட்டு வாடகை இல்லை. லிஃப்ட் விஷயத்தில், சாதியை வைத்துத்தான் தடுக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் தீண்டாமையைத் தடுக்கும் 17-வது பிரிவு இருக்கிறது, ஆனால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், "மெயின்டனன்ஸ்" என்பார்கள். நாலாவது மாடியில் பாத்திரம் தேய்க்க வருகிற ஐம்பது வயது அம்மா படியேறுவதில் என்ன மெயின்டனன்ஸ் மிச்சமாகிறது என்று தெரியவில்லை. இதே அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஜனநாயகம் செத்துவிட்டது என்று தினமும் ஒருவர் ஃபார்வர்ட் போடுவார், பந்தயம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த லிஃப்ட் முடிவை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று பெயரோடு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னவர்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், உங்கள் ஊரைக்கூடப் போடமாட்டேன்.