துப்பினால் யார் மேல் விழும்?

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். பிரச்சினையைச் சந்திக்கத் துணிவில்லாத கோழைக்கு எதற்கு அஞ்சலி போஸ்டர்? நாலு பேர் காறித் துப்பினால்தானே மற்றவர்களுக்குப் பயம் வரும்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் துப்புவது இறந்தவர் மேல் விழாது. அவரைப் பெற்றவள் மேல்தான் விழும்.

துக்கம் கேட்க அந்த வீட்டுக்குப் போனீர்களா? போகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 'கடனா, காதலா, சம்சாரத்தோடு சண்டையா?' புற்றுநோயில் போனவர் வீட்டில் யாரும் இப்படி விசாரணை நடத்துவதில்லை. போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து உடல் வருவதற்குள், 'வீட்டுக்குள் கொண்டுவராதே, நேரே சுடுகாட்டுக்கு எடு' என்பார் ஒரு பெரியவர். 'யார் கேட்டாலும் நெஞ்சுவலி என்று சொல்லிவிடு' என்பார் இன்னொருவர். மனைவி இருந்தால் 'என்ன பாடு படுத்தினாளோ' என்ற பேச்சு. தங்கை இருந்தால் வந்த வரன் திரும்பிப் போகும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாய்விட்டு அழக்கூட ஊரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

பயம் காட்டினால் குறையும் என்கிறீர்கள். சட்டமே அதைச் செய்து பார்த்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவுப்படி, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. கேஸுக்குப் பயந்த குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் 'விபத்து' என்று சொல்லின. உடம்புக்கு வைத்தியம் நடந்தது, மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இல்லை. சட்டம் திருந்திவிட்டது, தெரு திருந்தவில்லை. 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இத்தனை வசவையும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் அவர்கள்.

போஸ்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. இறந்தவரைத் தியாகி ஆக்குவதும், எப்படிச் செய்தார் என்று விலாவாரியாக எழுதுவதும் ஆபத்து. பிரஸ் கவுன்சில் 2019-இலேயே இதற்கு நெறிமுறை தந்தும் பத்திரிகைகள் பல இன்னும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இரங்குவது வேறு, கொண்டாடுவது வேறு.

அதே நினைப்போடு இன்னொருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். டீக்கடையில் நீங்கள் 'கோழை' என்பதைக் கேட்டு அவர் மனம் மாறமாட்டார். இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார், அவ்வளவுதான். யார்மீதாவது சந்தேகம் வந்தால், 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. 'ஆமாம்' என்றால் திட்டாமல், புத்தி சொல்லாமல், தனியே விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் 104, 14416 எண்களிலும், 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050 எண்ணிலும் பேசலாம்.

அப்புறம், அந்த இளைஞரின் காரியத்துக்குப் போய்விட்டு வாருங்கள். காரணம் மட்டும் கேட்காதீர்கள்.