கோலியஸில் புது நிறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்கள் மாடியில் இலை நிறத்துக்காக வளர்க்கும் கோலியஸ் செடியில் ஐந்து வகை வளர்க்கிறேன். சென்ற மழைக்காலத்தில் பூத்த செடிகளின் அடியில் தானாகவே நாற்றுகள் முளைத்தன. அவற்றுள் ஒன்று ஓரம் எலுமிச்சை மஞ்சளாகவும், நடுப்பகுதி குங்குமச் சிவப்பாகவும், நரம்புகள் கறுத்தும் வளர்ந்திருக்கிறது. இதை எந்த நர்சரியிலும் நான் பார்த்ததில்லை. இது புது ரகமா? விதை எடுத்து விதைத்தால் இதே செடி வருமா? (வாசகி, காட்பாடி)

பதில்: நீங்கள் பார்த்திராத நிறம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ரகம் என்று சொல்லத் தகுமா என்பது அடுத்த வைகாசிக்குப் பிறகுதான் தெரியும். விதையிலிருந்து இதே செடி வராது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்.

நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்திரியின் விதையை உழவர்கள் வீட்டிலேயே எடுத்துவைத்து அடுத்த பட்டத்தில் விதைத்தாலும் காய் பெரும்பாலும் தாயைப் போலவே வருகிறது. கத்திரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதும், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்ததில் குணங்கள் படிந்துபோனதும் அதற்குக் காரணம். கோலியஸ் அப்படிப்பட்டதன்று. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பூக்களைத் தேனீ ஓயாமல் நாடிவரும். ஐந்து தொட்டிகள் அருகருகே இருந்தால் ஐந்தின் மகரந்தமும் கலந்துவிடும். போதாக்குறைக்கு இது 48 குரோமோசோம்கள் கொண்ட நான்மடியச் செடி, அதாவது ஒவ்வொரு மரபணுவும் இரண்டுக்குப் பதில் நான்கு பிரதிகளாக இருக்கும். அவற்றுள் இரண்டு பிரதிகளில் ஒடுங்கு குணம் ஒன்று (எல்லாப் பிரதிகளிலும் இருந்தால்தான் வெளியே தெரியும் குணம்) ஒளிந்திருக்கும் செடியை அதன் சொந்த மகரந்தத்தாலேயே விதை பிடிக்கவைத்தால், அக்குணம் சராசரியாக 36 நாற்றுகளில் ஒன்றில்தான் வெளிப்படும். சாதாரண இருமடியச் செடியில் அது நான்கில் ஒன்றாக இருந்திருக்கும். உங்கள் தொட்டியில் முளைத்தது ஒரு பரிசுச் சீட்டு என்று வைத்துக்கொண்டால், விதையை நம்புவது அதே எண்ணுக்கு மறுபடியும் பரிசு விழும் என்று காத்திருப்பதாகும்.

நிறத்தை அப்படியே காப்பாற்றத் தண்டுத் துண்டே வழி. பூக்காத கிளையில் நான்கு விரல் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈரமான தென்னைநார்க் கழிவில் ஊன்றி நிழலில் வைத்தால் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வேர் பிடித்துவிடும். பத்துத் துண்டுகளாவது போடுங்கள். ஐந்தை நிழல்வலைக்கு அடியிலும் ஐந்தை வெட்ட வெயிலிலும் வைத்து, அவற்றிலிருந்து மறுபடியும் துண்டெடுத்து, மூன்று தலைமுறைக்காவது இலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் செடியை வெயில் செடியோடும் நிழல் செடியை நிழல் செடியோடும் ஒப்பிடுங்கள், ஒன்றை மற்றதோடு ஒப்பிட வேண்டாம். ஒரே செடியே இரண்டு இடத்திலும் இரண்டு நிறம் காட்டும்.

வைகாசி வரை காத்திருக்கச் சொன்னதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், மாதுளை முத்தின் நிறத்தில் ஒரு நாற்றைக் கண்டுபிடித்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, பெயரும் வைத்துவிட்டேன். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் அந்தச் சிவப்பு செங்கல் கழுவிய தண்ணீரைப் போல வெளுத்துவிட்டது. இலைச் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி, நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் மிகுதியாக உண்டாகும். கடும் வெப்பத்தில் குறையும். கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூரில், மார்கழி அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துபோவார். இலை ஓரங்கள் கருகினால் வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். பாலாற்றுப் படுகையை ஒட்டிய பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது, ஆகவே இரண்டு தொட்டிகளுக்கு மட்டும் சேமித்த மழைநீரை ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கேள்வி: நான் சிறிய நர்சரி நடத்துகிறேன். தற்செயலுக்குக் காத்திராமல் நானே இரண்டு செடிகளைக் கலப்புச் செய்ய விரும்புகிறேன். பூ மிகச் சிறியதாக இருப்பதால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: பூ சிறியதுதான், ஆனால் அதன் அமைப்பு நமக்கு உதவியாகவே இருக்கிறது. நீல நிறப் பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: கீழுதடு ஒரு தோணியைப் போல வளைந்திருக்கும், நான்கு மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் அந்தத் தோணிக்குள் படுத்திருக்கும். தாள்கள் அல்லிக் குழாயோடு ஒட்டியிருப்பதால், மறுநாள் விரியவிருக்கும் மொட்டின் அல்லியை மாலையில் இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தால் மகரந்தப் பைகளும் கூடவே வந்துவிடும், சூல்தண்டு மட்டும் புல்லிவட்டத்தில் நிற்கும். அந்தக் கதிரில் ஏற்கெனவே விரிந்த பூக்களையும் மிக இளைய மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, மெல்லிய துணிப்பையால் மூடிவிடுங்கள். சூல்முடி இரண்டாகப் பிளந்து விரிந்ததும், தந்தைச் செடியின் புதுப் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டுத் தடவி, எந்தத் தாய், எந்தத் தந்தை, எந்த நாள் என்று எழுதிய அட்டையைக் கட்டி, பையை மறுபடியும் மாட்டுங்கள். ஒரு பூவில் அதிகம்போனால் நான்கு விதைகள். புல்லிவட்டம் பழுத்துக் காய்ந்ததும் அவை உதிர்ந்துவிடும் என்பதால் பையை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது.

விதை கசகசா அளவினது. ஒரு கிராமில் ஏறத்தாழ 3,500 விதைகள் இருக்கும். முளைக்க வெளிச்சம் தேவைப்படுவதால் மண் போட்டு மூடாமல், குழித்தட்டில் நனைத்த தென்னைநார்க் கழிவின் மேலே தூவி, தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் போதும். வித்திலைகளைப் பார்த்து எதையும் பிடுங்கிவிடாதீர்கள். உண்மையான நிறம் இரண்டாம் மூன்றாம் இலைச் சோடிகளில்தான் தெரியத் தொடங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். வணிக அளவில் கோலியஸ் ரகங்களை உருவாக்கிய அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில், தேர்ந்த செடிகளைக் கூட்டமாக வைத்துக் கலப்பு வேலையைத் தேனீக்களிடமே விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து வடிகட்டும் முறையைத்தான் கைக்கொண்டார்கள். தந்தை யாரென்று தெரியாமல் போகும், ஆனால் எண்ணிக்கை கிடைக்கும். உங்களைப் போன்ற நர்சரிக்காரருக்கும் அதுவே ஏற்றது என்பது என் கருத்து. வடிகட்டும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, செடி எவ்வளவு தாமதமாகப் பூக்கிறது என்பதே. பூங்கதிர் வந்ததும் இலை சிறுத்துத் தண்டு நீண்டுவிடுவதால், சீக்கிரம் பூக்கும் செடியை வாங்கியவர் வாரந்தோறும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அடுத்தது, கிள்ளாமலே பக்கக் கிளை விடுகிறதா என்பது. மாவுப்பூச்சி எந்தச் செடியை விரும்பி மொய்க்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். இவற்றில் தேறியவற்றுள் நிறம் பார்த்தால், ஐந்நூறு நாற்றில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். மற்றவற்றைக் குப்பைக்குழிக்கு அனுப்ப மனம் வராதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

கேள்வி: பச்சையும் மஞ்சளுமான செடியில் ஒரு கிளை மட்டும் முழுச் சிவப்பாக வந்திருக்கிறது. அதைப் பிரித்து வளர்க்கலாமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: தாராளமாக வளர்க்கலாம்; கோலியஸ் ரகங்கள் பல இப்படி வந்தவையே. நுனி மொட்டில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுள் ஒரு செல்லில் நேர்ந்த மாற்றம் பெருகி ஒரு பக்கத்தையோ ஓர் அடுக்கையோ பிடித்துக்கொள்வதால் இத்தகைய கிளை உண்டாகிறது. இலையில் பாதி மட்டும் சிவப்பாக இருந்தால் பொறுங்கள். முழுவதும் சிவந்த இலையின் கக்கத்திலிருந்து கிளம்பும் தளிரையே துண்டாக எடுக்க வேண்டும். மாற்றம் மேலடுக்கில் மட்டும் இருந்தால் விதைக்கு அது போய்ச் சேராது, ஏனெனில் மகரந்தமும் சூலும் இரண்டாம் அடுக்கிலிருந்து உருவாகின்றன. பழைய நிறத்தில் ஒரு தளிர் தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுங்கள். பச்சை மிகுந்த தளிர் வேகமாக வளர்ந்து சிவப்பை அமுக்கிவிடும்.

கேள்வி: நான் தேர்ந்தெடுத்த கோலியஸுக்கு அரசிடம் உரிமை பெற முடியுமா? (வாசகி, திருப்பத்தூர்)

பதில்: பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 இதற்கென உள்ளது. உங்கள் ரகத்துச் செடிகள் மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டும், தமக்குள் ஒரே சீராகவும், பெருக்கப் பெருக்க மாறாமலும் இருக்க வேண்டும். மரங்களும் கொடிகளும் அல்லாத பயிர்களுக்குப் பாதுகாப்பு மொத்தம் 15 ஆண்டுகள். மத்திய அரசு அறிவிக்கை செய்த தாவர இனங்களை மட்டுமே பதிவு செய்வார்கள் என்பதால், உங்கள் செடியின் இனம் அப்பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். புது ரகமாகப் பதிய, விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக இந்தியாவில் விற்பனை தொடங்கியிருக்கக் கூடாது. எனவே முதல் தொட்டியை விற்ற தேதியை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.