பீரங்கி இல்லாத போர் மியூசிக்கல் வேணுமா?

அமெரிக்க சுதந்திரப் போர்ல நடக்கிற காதல் மியூசிக்கல் வேணும், பொண்ணுங்க ரோல் நிறைய இருக்கணும், ஆனா எங்க காலேஜ் மேடைல சண்டை காட்ட முடியாதுன்னு கேட்டிருக்கீங்கல்ல, 1925ல நியூயார்க் நாடக மேடையான பிராட்வேல வந்த 'டியரஸ்ட் எனிமி' பாருங்க ப்ரோ, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மியூசிக். 1776, நியூயார்க்ல மர்ரி அம்மா வீட்டுக்கு வர்ற பிரிட்டிஷ் தளபதி ஹோவையும் ஆபீசருங்களையும் அந்த அம்மாவும் பொண்ணுங்களும் விருந்து, பேச்சு, சிரிப்புன்னு அங்கயே உக்கார வெச்சுடுறாங்க, அந்த கேப்ல அமெரிக்க ஜெனரல் புட்னம் படை நைசா நழுவி தலைமைத் தளபதி வாஷிங்டன்கிட்ட போய்ச் சேந்துடுது. போர் பூரா வாசலுக்கு வெளிய தான். நடுவுல ஹீரோயின் பெட்சிக்கும் எதிரி கேப்டனுக்கும் லவ்வு. ஹீரோயின் என்ட்ரியே உடம்புல பீப்பாய மாட்டிக்கிட்டு தான், அத மட்டும் பிரின்சிபால்ட்ட முன்னாடியே சொல்லிடுங்க 😄 அப்புறம் விருந்து வெச்சு தடுத்தாங்கங்கறது பாதி செவிவழிக் கதை, நோட்டீஸ்ல 'உண்மை வரலாறு'ன்னு போட்டுடாதீங்க.