கொம்பில்லாத யானை: வாசகர் கேள்வி–பதில்

சிறுவர் பக்கத்தில் நான் கீறி எழுதிவரும் படக்கதைக்கு வந்த கடிதங்களில் சில. இடையில் தவறவிட்டவர்களுக்குக் கதை இதுதான்: இரணைமடுவைக் காக்கும் இரண்டு ஆமைகளில் ஒன்று கோபித்துக்கொண்டு ஆற்றோடு மேலே போய்விடுகிறது. குளம் வற்றுகிறது. அதைத் தேடி ஓர் அக்காவும் தம்பியும் அரிக்கன் லாம்போடு கனகராயன் ஆற்றோரமாகத் தெற்கே நடக்கிறார்கள்.

கேள்வி: 4ஆம் பகுதியில நீங்கள் கீறின யானை எல்லாத்துக்கும் கொம்பு இருக்கு. எங்கட வயலுக்கு வாற யானைக்குக் கொம்பே இல்லை. ஏன் பொய்யாக் கீறினீங்கள்? (தரம் 5 மாணவி, முத்தையன்கட்டு)

பதில்: பிடிபட்டுப்போனேன், பிள்ளை. கடைக் கலண்டர் ஒன்றைப் பார்த்துக் கீறியது அது. சின்ன வயதில் அப்புவோடு காவல் பரணில் இருந்து நான் பார்த்ததும் அலியன்தான், கொம்பன் இல்லை. இலங்கையில் ஆண் யானை நூறு எடுத்தால் பத்துக்குக்கூடக் கொம்பு இராது. அதுவும் கூட்டமாகப் போவது பெண் யானைகளும் குட்டிகளும். அவற்றுக்கு நான் கொம்பு வைத்தது இரட்டைப் பிழை. புத்தகமாக வரும்போது அழித்துவிடுகிறேன். ஒரேயொரு கொம்பனை மட்டும் தள்ளி நிற்க விடலாமா? தம்பி அதன் கொம்பில்தான் லாம்பைக் கொழுவுகிறான்.

கேள்வி: என் பேரன் வாசிக்கும் சாகசக் கதைகளில் பிள்ளைகள் காட்டுக்குள் பாய்ந்து ஓடுவார்கள். உங்களுடைய இருவரும் வண்டில் தடத்தை விட்டு இறங்குவதே இல்லை. சப்பென்று இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா)

பதில்: ஐயா, முதலில் அவர்களும் ஓடினார்கள். நாங்கள் மீளக்குடியேறி இரண்டு வருடம் இருக்கும், 2012. தம்பி ஒரு மயிலைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள் பாய்கிற படம். ஈரம் காயட்டும் என்று குசினி மேசையில் வைத்திருந்தேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. பார்த்துவிட்டு, “அம்மா, உதுக்குள்ள போகக் கூடாதெல்லோ” என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி பற்றி வகுப்புக்கு வந்து படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: தெரியாத பொருளைத் தொடாதே, தடத்தை விட்டு இறங்காதே. நான் தேத்தண்ணி ஊற்றித் திரும்புவதற்குள் சிவப்புப் பென்சிலால் மயிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பலகை கீறிவிட்டாள். மண்டையோட்டுக்குப் பல்லும் வைத்திருந்தாள்.

பலகையை நான் கதைக்குள் எடுக்கவில்லை. ஆமை பேசுகிற காட்டில் அது வேண்டாம் என்பது என் பிடிவாதம். ஆனால் அந்த ஓட்டத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது காடுதான் தடத்துக்கு வருகிறது: மயில் வருகிறது, கரடி வாயெல்லாம் பாலைப்பழப் பாலோடு வந்து வழி சொல்கிறது. உங்களுக்குச் சப்பென்று இருந்தால் அது என் கைக்குறை, அடுத்த பகுதியில் கொஞ்சம் உறைப்புக் கூட்டிப் பார்க்கிறேன். தடத்தை விட்டு மட்டும் இறக்கமாட்டேன்.

கேள்வி: இரண்டு பேருக்கும் ஏன் பெயர் இல்லை? (மாங்குளம்)

பதில்: வாசிக்கிற பிள்ளை தன் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். அண்ணாவும் தங்கச்சியும் உள்ள வீடுகளில் சண்டை வருமாம். வரட்டும்.

கேள்வி: அக்காவும் தம்பியும் இரணைப் பிள்ளைகளா? (ஒட்டுசுட்டான்)

பதில்: இல்லை, அக்கா மூன்று வயது மூத்தவள், அந்த அதிகாரத்தைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறாளே! இரணை என்றால் அது குளம்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மடுக்கள் இருந்ததால் வந்த பெயர் இரணைமடு. 1902இல் வேலை தொடங்கி 1920இல் அணையைக் கட்டி முடித்தபோது இரண்டும் ஒரே தண்ணீராகிவிட்டன. இதுவரை தன் மடுவில் தனிக்காட்டு ராசாவாக இருந்த என் ஆமைக்கு அதுதான் கோபம். இனிமேல் ஒரே இடத்தில் இருங்கள் என்றால் எந்தச் சகோதரங்கள் உடனே ஓமென்று சொல்லும்? தம்பி தன் பாயில் அக்கா கால் பட்டதற்கே முதல் பகுதி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

கேள்வி: ஆமை திரும்பி வருமா? இப்பவே சொல்லுங்கோ. (தரம் 3, பரந்தன்)

பதில்: சொல்லமாட்டேன், குஞ்சு. கடைசிப் படத்தை மட்டும் சொல்கிறேன், அதைத்தான் முதல் கீறத் தொடங்கினேன். மார்கழி மாதம். குளம் முட்டி வான்கதவு திறந்திருக்கிறது. பார்க்க வந்த சனம் குடையோடு நிற்கிறது, ஒரு ஆச்சி கச்சான் விற்கிறா. தண்ணீர் விழுகிற இடமெல்லாம் நுரை. அந்த நுரைக்குள் நீதான் தேட வேண்டும். ஆனால் நுரை கீறியே ஒரு டியூப் வெள்ளை முடிந்துவிட்டது. கிளிநொச்சிக் கடையில் அடுத்தது புதன்கிழமைதான் வருமாம். அதுவரை பாதி நுரையோடு படம் சுவரில் நிற்கிறது.