தின்னரும் குருத்தோலையும்

வணக்கம் ஐயா,

என் தம்பிக்கு 34 வயது. பாம்பனில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தான். குடியால் எல்லாம் போய், மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. ஓவியம் வரைந்தால் 45 நிமிடத்தில் மன அழுத்தம் குறையும் என்று படித்தேன். கேன்வாஸ், ஆயில் பெயிண்ட், அதைக் கரைக்க ஹார்டுவேர் கடையில் ஒரு டப்பா தின்னர் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு படம் போட்டான், கடலும் படகும். சந்தோஷத்தில் ‘என் தம்பியின் மறுபிறவி’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அதற்குப் பிறகு பிரஷ்ஷைத் தொடவில்லை. படத்தில் நிறைய கறுப்பு பூசியிருக்கிறான், அதற்கு என்ன அர்த்தம்? எந்த மாதிரி ஓவியம் கற்றுக்கொடுக்கலாம்? நல்ல வாத்தியார் யாராவது இருக்கிறாரா? நன்றாக வலை பொத்துவான், அதுவும் கலைதானே?

ம., தங்கச்சிமடம்

அன்புள்ள ம.,

ராத்திரிக் கடல் கறுப்பாகத்தான் இருக்கும். அதை விடுங்கள்.

நீங்கள் படித்தது 2016-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வாக இருக்கும். 39 பேர், 45 நிமிடம். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. அவர்கள் குடியிலிருந்து மீள்கிறவர்கள் இல்லை, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். ஆனால் முன்பே வரைந்து பழகியவருக்கும் பழகாதவருக்கும் அதில் வித்தியாசம் இல்லை. அதனால் வாத்தியாரைத் தேடி அலைய வேண்டாம்.

தின்னருக்கு வருகிறேன். மையத்திலிருந்து வந்து நாற்பது நாளான மனிதன் தூங்கும் வீட்டில் தின்னர் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறீர்களே அம்மா! அதன் ஆவியே போதை. அதில் பெரும்பாலும் டொலுவீன் என்ற ரசாயனம் இருக்கும். அதை முகர்ந்தே அடிமையானவர்கள் உண்டு. படத்துக்குச் சட்டம் போடுகிறேன் என்று நாளைக்கு பிரெஞ்ச் பாலிஷும் வாங்கிவிடாதீர்கள். அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் அது. தவித்துப்போனவன் அதையும் குடிப்பான். மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், ஸ்பிரிட் நெடி பலமாக ஏறினாலே சிலருக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். வண்ணம்தான் வேண்டுமென்றால் பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் போதும், தண்ணீரில் கரையும்.

ஸ்டேட்டஸ். மறுபிறவி என்று ஊருக்கே அறிவித்துவிட்டால், நாளைக்குச் சறுக்கினால் அவன் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். அடுத்த படம் இதைவிட நன்றாக வரவேண்டுமே என்ற பயமும் சேர்ந்திருக்கும். பிரஷ்ஷைத் தொடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பாசத்தில் செய்தீர்கள், தெரிகிறது. அழித்துவிடுங்கள்.

வலை வேண்டாம். கலையா இல்லையா என்ற விவாதம் இருக்கட்டும்; வலை பொத்தும் இடம் எது? கரை. பக்கத்தில் உட்கார்பவன் யார்? பங்குக் காசு கைக்கு வந்ததும் பாட்டில் வாங்கப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். அந்த நிழலும் அந்த நூலும் போதும், கை தானாக டம்ளரைத் தேடும்.

உங்கள் ஊரைச் சுற்றி இத்தனை பனை நிற்கிறதே, கேன்வாஸ் எதற்கு? பனையோலை பின்னட்டும். ‘கலைவழிச் சிகிச்சை’ என்று நாம் சொல்லும் ஆங்கிலப் பெயரை 1942-ல் முதலில் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர். காசநோயாளிகள் விடுதியில் மாதக்கணக்கில் படுத்திருந்து, நேரம் போகாமல் கட்டிலருகே இருந்த பொருள்களை வரைந்தவர். போகாத நேரத்தைக் கைக்குக் கொடுத்த வேலை அது. உங்கள் தம்பிக்கும் சிக்கல் நேரம்தான். குடிக்கும் தவிப்பு பெரும்பாலும் கால்மணி, அரைமணிக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரைமணிக்குக் கை எதையாவது பிடித்திருக்க வேண்டும். அப்போது போய் வெற்றுக் கேன்வாஸைக் காட்டினால் ‘என்ன வரைவது’ என்ற கேள்வி வேறு சேர்ந்துகொள்ளும். ஓலைப் பின்னலில் அந்தக் கேள்வியே கிடையாது. ஒன்று விட்டு ஒன்று, அவ்வளவுதான். தப்பினால் உருவிவிட்டு மறுபடி கோக்கலாம்.

காய்ந்து வெளுத்த குருத்தோலை வாங்குங்கள். ஈர்க்கை உரித்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், ஒன்றரை அடி நீளத்தில் இருபது கீற்று. கத்தி வேண்டாம், கத்தரிக்கோல் போதும். அகலம் ஏறி இறங்கினால் பின்னல் கோணிக்கொள்ளும், முதல் தடவை நீங்களே கிழித்துக் கொடுங்கள். ஈரத்துணியில் அரைமணி சுற்றிவைத்தால் மடக்கும்போது வெடிக்காது. வாளியில் ஊறப்போடாதீர்கள், நிறைய நீர் குடித்த ஓலை காயும்போது சுருங்கி, இறுக்கிப் பின்னியதெல்லாம் இடைவெளி விட்டு இளிக்கும். உப்புக்காற்று ஊர் உங்களுடையது. ஈரத்தோடு மூடி வைத்தால் இரண்டே நாளில் கரும்புள்ளி விழும், மிச்சத்தை நிழலில் உலர்த்திவிடுங்கள்.

பத்துக்குப் பத்து கோத்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அடி வரும். அதிலிருந்து சுவர் எழுப்பினால் கொட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டி. மூலை மடக்குமிடம்தான் வம்பு. புதியவர்கள் அங்கேதான் எரிச்சலில் வீசி எறிவார்கள். ஆகவே மூலையைக் காலையில் வைத்துக்கொள்ளட்டும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மனம் தெளிவாக இருக்கும்போது. சாயங்காலத்துக்கு நேர் வரிசை மட்டும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முடிக்க விடாதீர்கள். முடிந்த கொட்டானை என்ன செய்வது? அலமாரியில் வைத்துப் பாராட்டுவீர்கள், திரும்பவும் ஸ்டேட்டஸ் கதைதான். வரிசையின் பாதியில் நிறுத்தி, மீதிக் கீற்றை ஈரத்துணியில் சுற்றி, அவன் முன்பு வழக்கமாகக் குடிக்கக் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் அவன் உட்காரும் இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த கீற்று எங்கே நுழைய வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரிய வேண்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று பின்னுங்கள், பேச வேண்டாம். கொட்டான் முடிந்துபோனால் அன்றைக்கே அடுத்ததற்கு மூன்று வரிசை கோத்து வைத்துவிட்டுத்தான் படுக்கை.

ஓலை மாத்திரைக்கு மாற்று என்று எண்ணி டாக்டரை விட்டுவிடாதீர்கள். விரல் நுனி மரத்துப்போனால் பி1 வைட்டமின் குறைவா என்று கேளுங்கள். கைநடுக்கம் இன்னும் நிற்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். சறுக்கிவிட்டால் திட்டாமல் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியில் யாரையாவது கேட்க வேண்டுமென்றால் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நீங்களே கொண்டுபோங்கள், தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.